ரோடு அறுபது, காடு நாற்பது

பைக் ஓட்டுவதற்கென்றே தனியாக பூட்ஸ் வாங்கப் போனால், கடையில் முதலில் கால் அளவைக் கேட்பதில்லை. "ரோடு எத்தனை பர்சன்ட் சார், ஆஃப்ரோடு எத்தனை பர்சன்ட்?" என்று கேட்கிறார்கள். ஆம்பளைகளைப் பொய் சொல்ல வைப்பதற்கென்றே யோசித்துச் செய்த கேள்வி இது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், தலைக்கு மேல் ஹெல்மெட்டுகள் தொங்கும் ஒரு கடையில், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நானும் சொன்னேன்: "ரோடு அறுபது, ஆஃப்ரோடு நாற்பது."

"அந்த நாப்பதுல முப்பத்தொம்பது எங்க தெருங்க" என்றாள் பின்னால் நின்ற என் மனைவி.

கடைப் பையன் சிரிக்கவில்லை. இந்த ஊரில் பைக் சாமான் விற்கிறவனுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. எங்கள் தெருவை வடிகாலுக்காக ஒரு தரம் தோண்டினார்கள். மூடிய மண் இறுகுவதற்குள் குழாய்க்காகத் தோண்டினார்கள். குழாய்க்காரர்கள் மூடிவிட்டுப் போனதும், முதலில் வந்தவர்கள் எதையோ உள்ளே மறந்துவிட்டவர்கள் போலத் திரும்ப வந்தார்கள். ஜல்லி, சேறு, பள்ளம், பள்ளத்தின் மேல் பலகை, பலகையின் மேல் தூங்கும் நாய். ஆஃப்ரோடு பழகுவதற்குப் பணம் கட்டிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தோசைமாவு வாங்கப் போகிற வழியில் இலவசமாகக் கிடைக்கிறது.

என்னிடம் இருப்பது 411 சிசி ஹிமாலயன். ராயல் என்ஃபீல்டு அதை 2016-இல் கொண்டுவந்தபோது பெயரே பனி கொட்டியது. வண்டி தயாரானதோ நம்ம ஒரகடம் பக்கம். அங்கிருந்து தாம்பரம் தாண்டி என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதற்குமேல் வடக்கே போகும் எண்ணம் அதற்கும் இல்லை, எனக்கும் இல்லை. பெட்ரோல் கேன் கட்டுவதற்காக டேங்க்கின் இரு பக்கமும் இரும்புக் கம்பி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதில் கீரைக்கட்டு செருகுகிறேன். மீட்டருக்குப் பக்கத்தில் திசைகாட்டி இருக்கிறது. ரேஷன் கடை எங்கள் வீட்டுக்குத் தென்மேற்கே என்பது எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனாலும் அந்த நாற்பதில் மிச்சமிருக்கும் ஒரு பர்சன்ட் பொய் இல்லை. ஆபீஸில் சில பிள்ளைகள் அவ்வப்போது ஜவ்வாது மலைக்கு வண்டி கட்டுவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். "அங்கிள் வந்தா வீட்டுல பர்மிஷன் ஈசியா கிடைக்கும்" என்று ஒருவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. ஆலங்காயம் வழியாக மலையேறி, காவலூர் வானாய்வகம் தாண்டி, ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு மண் பாதையில் இறங்கினோம். அங்கேதான் நடந்தது. நான் விழுந்தேன் என்று சொன்னால் பொருத்தமாக இருக்காது. போட்டோ எடுப்பதற்காக நின்றுகொண்டிருந்தேன், காலடியில் மண் சரிந்தது, வண்டி விழுந்தது, என் இடது கால் அதன் அடியில் இருந்தது. பெட்ரோலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 200 கிலோ. காலில் இருந்தது ஆபீஸ் ஷூ. கியர் போட்டுப் போட்டு இடது ஷூவின் முனையில் மட்டும் கறுப்பாக ஒரு தேய்மானம் இருக்குமே, பைக்கில் வேலைக்குப் போகும் ஆண்களின் ஜாதி அடையாளம், அந்த ஷூ.

எலும்பு முறியவில்லை. கணுக்கால் வீங்கி, சாக்ஸைக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மனைவி கேட்டாள், "எவ்வளவு ஸ்பீடுல போனீங்க?" ஜீரோ என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஓடும்போது விழுந்திருந்தா வெளில சொல்லிக்கவாவது நல்லாயிருந்திருக்கும்" என்றாள். பூட்ஸ் கடைக்கு அவளும் கிளம்பி வந்தது அந்த ஒத்தடத்தின் பலன்.

விஷயம் மாமனார் காதுக்குப் போனது. அவர் ராஜ்தூத் காலத்து ஆசாமி. "நான் ரப்பர் செருப்போட திருப்பதி போய்ட்டு வந்தவன் மாப்ள. ஒண்ணும் ஆகல" என்றார். அவருடைய வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. சட்டமும் அவர் பக்கம்தான். புது அபராதங்கள் வந்த 2019 செப்டம்பரில், செருப்பு போட்டு ஓட்டினால் ஃபைன், லுங்கி கட்டினால் ஃபைன் என்று வாட்ஸ்அப்பில் பீதி கிளம்பி, அப்படியெல்லாம் அபராதம் எதுவும் இல்லை என்று அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே விளக்கம் சொல்லவேண்டி வந்தது. தலையைப் பற்றிக் கவலைப்பட சட்டம் இருக்கிறது. காலை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாமனார் அத்தோடு விடவில்லை. "பிராட்வேயில சேஃப்டி ஷூ விக்குது. ஸ்டீல் டோ. ஆயிரம் ரூபாகூட ஆகாது." அதையும் விசாரித்தேன். தொழிற்சாலைச் சேஃப்டி ஷூவுக்கு ஐ.எஸ். 15298 என்று நம் நாட்டிலேயே ஒரு தரநிலை இருக்கிறது. முன்னால் இருக்கும் இரும்புக் குமிழ் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல் மேல் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு. பிரமாதம்தான். ஆனால் பைக் சாயும்போது விரலைத் தேடிப் பிடித்து விழுவதில்லை, கணுக்காலில்தான் விழுகிறது. அங்கே அந்த ஷூவில் வெறும் தோல். போதாக்குறைக்கு அந்தத் தடித்த மூக்கு கியர் லீவருக்கு அடியில் நுழைய மறுக்கும். தொங்குகிற லேஸ் அதே லீவரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். இதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் மாமனார், "அப்ப கட்டை விரலை மட்டும் நீட்டி விழுங்க மாப்ள" என்றார்.

ரோட்டில் விழுவதும் காட்டில் விழுவதும் வேறு வேறு கலைகள். தார் ரோட்டில் விழுந்தவன் வேகத்தோடு சறுக்கிக்கொண்டு போகிறான். அங்கே தேவை, தேய்ந்தாலும் கிழியாத தோலும் கணுக்காலுக்கு இரு புறமும் கெட்டித் தகடும். மண் பாதையில் வேகம் இல்லை. கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவே நசுங்கும். இல்லாவிட்டால் குழியில் ஊன்றிய பாதம் அங்கேயே நிற்க, அதன் சொந்தக்காரர் மட்டும் திரும்புவார். அதனால் மோட்டோகிராஸ் பூட்ஸ் முழங்கால் வரை ஏறுகிறது. உடம்பெல்லாம் கெட்டி பிளாஸ்டிக், பக்கவாட்டில் வரிசையாக பக்கிள், அடியில் வளையாத தகடு. எழுந்து நின்று ஓட்டுகிறவனின் மொத்த எடையும் ஃபுட்ரெஸ்ட் வழியாக உள்ளங்காலின் நடுவில் இறங்குவதால் அந்தத் தகடு. கணுக்கால் முன்னும் பின்னும் மடியும், பக்கவாட்டில் அசையாது.

அந்த பூட்ஸை ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டதும் இரண்டங்குலம் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அது மட்டும் பிடித்திருந்தது. கடையின் மறுகோடிக்கு நடந்தேன். அடிக்கு ஒரு கிறீச். கீல் வைத்த பூட்ஸ் என்றால் சத்தம் போடத்தான் செய்யும், கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா சரியாகிடும் என்றான் பையன். அப்பாவுக்கு ஹெல்மெட் வாங்க வந்த ஒரு குழந்தை அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ராத்திரி லேட்டாக வீடு திரும்பும் எவனும் இதை வாங்க முடியாது.

அடுத்தது டூரிங் பூட்ஸ். மெத்தென்ற தோல், பக்கத்தில் ஜிப், மேலே ஒரு வெல்க்ரோ மடிப்பு. மேலே பேன்ட்டை இறக்கிவிட்டால் ஆபீஸில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அடிப்பாகம் இரண்டு கையால் மடிந்தது. கல்லும் குழியுமான பாதையில் நின்றபடி ஓட்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் எத்தனை பல் என்று உள்ளங்கால் எண்ணிச் சொல்லிவிடும். இரண்டுக்கும் நடுவில் அட்வெஞ்சர் பூட்ஸ் என்று ஒரு இனம். அரைத் தோல், அரை பிளாஸ்டிக், இரண்டோ மூன்றோ பக்கிள், நடக்கவும் செய்யலாம், விழவும் செய்யலாம். அதை ரெண்டுங்கெட்டான் என்று வாய் நிறையச் சொல்லியிருப்பேன். காட்டுக்கும் ரேஷன் கடைக்கும் ஒரே வண்டியில் போகிறவன் சொல்லக்கூடாது.

இவற்றில் எது உசத்தி என்று பார்க்க ஐரோப்பாக்காரர்கள் ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள்: இ.என். 13634. பூட்ஸின் உள் லேபிளில் பைக் ஓட்டுபவர் படமும், கீழே நான்கு எண்களும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு. முதல் எண் உயரம், இரண்டாவது தேய்மானம், மூன்றாவது வெட்டு, நான்காவது பக்கவாட்டு நசுங்கலைத் தாங்கும் திறன். பக்கத்தில் ஐ.பி.ஏ. என்றிருந்தால் கணுக்காலுக்குத் தனிக் கவசம் உண்டு. டபிள்யூ.ஆர். என்றிருந்தால் தண்ணீர் சோதனை தேறியது. இதையெல்லாம் வீட்டில் மகன் லேப்டாப்பில் ஒரு மாடலின் லேபிளைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது என் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் ரெண்டு வாங்கியிருக்கு, மூணாவதுல மட்டும் ஏன்டா ஒண்ணு?"

"அது வெட்டு தாங்குறது பாட்டி."

"அந்தப் பாடத்தப் படிச்சிருக்காது" என்றாள் அம்மா. பூட்ஸைப் பற்றிச் சொல்கையில் ஏன் என் முகத்தைப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

தண்ணீர் சமாச்சாரத்தில் ஒரு சூட்சுமம். தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றை வைக்கிறார்கள். கோர்டெக்ஸ் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளியே இருந்து நீர்த்துளி உள்ளே வராது, உள்ளே இருந்து வேர்வை ஆவியாக வெளியே போகும். பொய் இல்லை. ஆனால் ஆவி போவதற்கு வெளியே காற்று கொஞ்சமாவது காய்ந்திருக்க வேண்டும். நம் சென்னையில் மே மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு, வேர்வைக்கு வெளியே போகிற அவசரம் ரொம்பக் குறைந்துவிடுகிறது. சாக்ஸிலேயே தங்கி நம்மோடு வீட்டுக்கு வருகிறது. மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. காட்டில் ஓட்டுகிறவர்கள் பேன்ட்டை பூட்ஸுக்குள் விடுவார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மழை பேன்ட் வழியாக வழிந்து நேரே பூட்ஸுக்குள் இறங்கும். தண்ணீர் புகாத பூட்ஸ் தண்ணீரை வெளியேயும் விடாது. ரோட்டுக்காரன் மாதிரி பேன்ட்டை மேலே விட்டுக்கொள்கிறவனுக்குத்தான் டபிள்யூ.ஆர். உதவும்.

உலகத்துக்கே பைக் பூட்ஸ் செய்து கொடுக்கிற பேட்டை, வட இத்தாலியில் ஆசோலோ, மோன்டெபெல்லூனா சுற்றுவட்டாரம். மலையேறுகிறவர்களுக்கும் பனிச்சறுக்குக்கும் பூட்ஸ் தைத்துப் பழகிய கைகள். ஆல்பைன்ஸ்டார்ஸ் கம்பெனியை 1963-இல் சான்டே மாட்ஸரோலோ ஆசோலோவில்தான் தொடங்கினார். மலை பூட்ஸில் ஆரம்பித்து மோட்டோகிராஸுக்கு வந்தவர். அவருடைய கைத்திறனைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. காலையில் போட்ட பூட்ஸை ராத்திரிதான் கழற்றுவான் என்று நம்பி அவர்கள் டிசைன் செய்கிறார்கள்.

தமிழன் வாழ்க்கையில் பாதி, செருப்பைக் கழற்றுவதில் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ரைடு கிளம்பும்போது தெருமுனைப் பிள்ளையார். கழற்று. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு மறுபடி மாட்டு. வேலூரில் சித்தி வீடு; "வாசல்லயே நிக்கிறியே, உள்ள வா" என்பாள். கழற்று. சித்தப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க லேபுக்கு அழைத்துப் போவார்கள், "காலணிகளை வெளியே விடவும்." போகிற வழியில் ஏதாவது ஒரு கோபுரம் தெரியாமல் இருக்காது, நிற்காமல் போனால் மலைப்பாதையில் என்ன நடக்குமோ என்று ஒரு பயம். ஒவ்வொரு இடத்திலும் நான் குனிய வேண்டும். எனக்கும் என் பூட்ஸுக்கும் நடுவே ஐம்பது வருட சாம்பார் சாதம் இருக்கிறது. மூச்சை வெளியே விட்டால்தான் பக்கிள் எட்டும். பக்கிள் எட்டியதும் மூச்சு எட்டாது. கூட வந்த பிள்ளைகள் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய், தரிசனம் முடித்து, சுண்டல் பொட்டலத்தோடு திரும்பும்போது நான் இரண்டாவது காலில் இருப்பேன்.

பூட்ஸ் வாங்கிய பிறகு ஒரு கோயிலில், செருப்பு பாதுகாக்குமிடத்தில் டோக்கன் கொடுப்பவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை டூவீலர் ஸ்டாண்டுல விடுங்க சார்" என்றார்.

வாங்குவதற்கு முன்னால் ஆம்பூரிலும் ஒரு முயற்சி செய்தேன். ஜவ்வாது மலைக்குப் போகிற வழிதானே. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் பதனிடுகிற ஊர்கள். ஐரோப்பியக் கடைகளில் விற்கிற ஷூக்களில் எத்தனையோ அங்கிருந்து போகிறவை. தோலை ஆராய அடையாறில் மத்திய நிறுவனமே 1948 முதல் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு இத்தாலியை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு சுதேசி எழுந்தான். நெடுஞ்சாலையோர ஷூ கடை ஒன்றில் நுழைந்து, பைக்கில் ஆஃப்ரோடு போகும்போது கணுக்காலைக் காப்பாற்றுகிற மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "கல்யாண ஷூ நல்லா இருக்கு பாய், பார்க்கறீங்களா?" என்றார். அதற்குமேல் தேட விடாமல் எதிர்ப்புறத்திலிருந்து பிரியாணி வாசனை வந்தது. கத்தரிக்காயோடு அதைச் சாப்பிட்டு முடித்தபோது சுதேசி தூங்கிவிட்டான்.

ஆகவே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பையன் எடுத்து வைத்த அட்வெஞ்சர் பூட்ஸ்களில் நான் படம் பார்த்து மூன்றைத் தனியே ஒதுக்கினேன். மனைவி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். முன்பக்கத்தை ஒரு கையிலும் குதிகாலை ஒரு கையிலும் பிடித்து, ஈரப் புடவையைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. முதல் பூட்ஸ் முறுக்கிக்கொண்டு அப்படியே நின்றது. கீழே வைத்துவிட்டாள். அடுத்ததை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கணுக்கால் தகட்டை மடக்கிய விரலால் தட்டினாள். ஐரோப்பாவில் மெஷின் வைத்துச் செய்கிற அத்தனை சோதனையையும் லேபிளைப் பார்க்காமலே அவள் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் தேறியதாக விட்டவற்றின் உள்ளே பார்த்தேன். நான்காவது எண் இரண்டு.

"போட்டுக் காட்டுங்க."

போட்டேன். ஐரோப்பிய அளவு 42, நம்ம கணக்கில் 8. நீளம் சரி. ஆனால் பிறந்ததிலிருந்து செருப்பில் வளர்ந்து அகலத்துக்குப் பரந்த என் பாதம், எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு அளவு கூட்டிப் பார்த்தோம். விரல்கள் சமாதானம் ஆயின, குதிகால் உள்ளே ஏறி இறங்கியது. கெட்டியான சாக்ஸ் போட்டால் சரியாகும், தோல் பழகப் பழகக் கொஞ்சம் இளகும் என்றான் பையன். பாதத்தின் மேல் பக்கிளை இறுக்கியதும் குதிகால் அடங்கியது.

"இப்ப கழட்டிக் காட்டுங்க." இதைக் கேட்டுவிட்டு அவள் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பையனுக்கு வேர்த்தது. இந்த எண்ணை எந்த லேபிளிலும் போடுவதில்லை. மூன்று பக்கிள் வைத்தது அந்த நிமிஷமே தள்ளுபடி. இரண்டு பக்கிளும் ஒரு அகலமான வெல்க்ரோவும் வைத்தது தேறியது. முழங்கால் வரை போகாமல் கெண்டைக்காலின் பாதியோடு நின்றுவிடும். முழு மோட்டோகிராஸ் பாதுகாப்பு அதில் இல்லை என்று பையன் நேர்மையாகவே சொன்னான். "இவர் நின்னுக்கிட்டுதான் விழுவாரு" என்றாள் மனைவி. விலை ரூ.14,000 சொச்சம். இத்தாலிக்காரன் இதற்கு இரண்டு மடங்கு கேட்டிருப்பான் என்று நான் கணக்குச் சொன்னேன். மிச்சமான தொகையை எப்போது தருவீர்கள் என்று கேட்டாள்.

முதல் நாள் ஓட்டியதில் பூட்ஸ் என் காலையும் உலகத்தையும் பிரித்துவிட்டது. இடது காலில் கியர் விழுந்ததா என்று தெரியவில்லை; விழுந்துவிட்டதாக நம்பி கிளட்சை விட்டால் நியூட்ரலில் உறுமும். வலது கால் என்னைக் கேட்காமலே பிரேக் மேல் உட்கார்ந்திருக்க, பின்விளக்கு ஓயாமல் எரிய, பின்னால் வந்த ஆட்டோக்காரர் நான் நிற்கப் போகிறேன் என்று நான்கு சிக்னல் தூரம் காத்திருந்து, கடைசியில் பக்கத்தில் வந்து என் பரம்பரையைப் பற்றி விசாரித்தார். மெக்கானிக் காலைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டான். "கியர் லீவரை ஒரு பல்லு தூக்கி வெச்சா போதும் சார்." போல்ட்டைத் தளர்த்தி லீவரை உருவி, தண்டின் அடுத்த பல்லில் ஏற்றி முடுக்கினான். பிரேக் பெடலைக் கொஞ்சம் இறக்கினான். வேலை முடிந்தது. இப்போது பிரச்சினை என்னவென்றால், செருப்போடு தோசைமாவு வாங்கப் போகும்போது கியர் எட்டுவதில்லை. மாவுக்கும் பூட்ஸ்தான். கடைக்காரப் பெண்மணி முதல் தடவை என்னைத் தீயணைப்புத் துறை என்று நினைத்து வழிவிட்டார்.

மழைக்காலம் வந்தது. தெருவில் எது ரோடு எது பள்ளம் என்று தெரியாதபடி தண்ணீர். வண்டியை எடுக்க முடியாது என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தேன். பால் வேண்டும் என்றாள். இந்தத் தண்ணீரில் எப்படிப் போவது என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஷூ ராக்கில் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், என் சாக்ஸில் மூன்று ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, புடவையை ஏற்றிச் செருகி, பூட்ஸின் பக்கிள் இரண்டையும் ஒரே தட்டில் பூட்டிவிட்டாள். கேட்டைத் திறந்து, தண்ணீருக்குள் இறங்கி, பள்ளத்தை ஒவ்வொரு அடிக்கும் காலால் தட்டிப் பார்த்தபடி ஆவின் பூத் வரை நடந்தாள். மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள். ஒருவர், "சார், இது லேடீஸ் சைஸ்ல கிடைக்குதா?" என்று கீழே குரல் கொடுத்தார்.

திரும்பி வந்து பால் பாக்கெட்டுகளை என் மடியில் வைத்தாள். "உள்ள சொட்டுத் தண்ணி வரல. கால் எங்கயும் மடங்கல. நல்ல பூட்ஸுதான்." நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். "மூணு சாக்ஸ் போட்டதுல கழட்டத்தான் வரல. பேப்பரை வெச்சுட்டு வந்து இழுங்க."